விருந்து, விருது, விலங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறைப்பட்ட செய்தியாளர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர்களுக்காகக் குரல்கொடுக்கும் பத்திரிகையாளர் மன்றங்களைப் பாராட்டி இரண்டு பத்திகள் எழுதியிருந்தீர்கள். பதினெட்டு ஆண்டுகள் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்து விலகிய எனக்கு அந்தப் பாராட்டு மிகையாகப் பட்டது. நான் உறுப்பினராக உள்ள மன்றத்தில் நடப்பவை மூன்று. பதவியில் இருப்பவரை அழைத்து விருந்து வைப்பார்கள். மறுநாள் அவரைப் பற்றிக் கடுமையாக எழுத எவருக்கும் கை வராது. ஆண்டுக்கொருமுறை விருது வழங்குவார்கள். வாங்கப்போகிறவர் யார் என்பது நடுவர் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்காவது ஒரு செய்தியாளர் கைதானால் கண்டன அறிக்கை வெளியிடுவார்கள். கண்டிக்கப்பட்டவர்கூட அதைப் படிப்பதில்லை. இவற்றால் எவருக்காவது எப்போதாவது பயன் விளைந்திருக்கிறதா? இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டலாமா வேண்டாமா என்ற யோசனையில் இருப்பதால் விளையாட்டாகக் கேட்கவில்லை.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் வரைந்திருக்கும் சித்திரம் எனக்குப் புதிதன்று. ஒரு மன்றத்தின் விருதுக் குழுவில் நானும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். நடுவர்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்தே ஒரு கட்டுரை போட்டிக்கு வந்திருந்தது. அதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது அவர் எழுந்து வெளியே போகவில்லை. போகும்படி நானும் சொல்லவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம், அந்தக் கட்டுரைக்கே விருது கொடுத்தோம். அது நல்ல கட்டுரைதான் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனாலும் விருந்து, விருது, அறிக்கை என்று மூன்றையும் தனித்தனியே நிறுத்திக் கேள்வி கேட்டால் ஒவ்வொன்றும் வெறுமையாகத்தான் தெரியும். ஒன்று மற்றொன்றுக்கு எப்போது கைகொடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் எமிலியோ குட்டியெரெஸ் சோத்தோவின் வழக்கு.

அவர் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் செய்தியாளராக இருந்தவர். இராணுவத்தினர் பொதுமக்களிடம் நடந்துகொண்ட முறையைப் பற்றி எழுதியதால் மிரட்டப்பட்டு, 2008-இல் பதின்வயது மகனை அழைத்துக்கொண்டு எல்லைக்குச் சென்று அமெரிக்காவிடம் புகலிடம் கேட்டார். வழக்கு ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. 2017-இல் குடிவரவு நீதிபதி கோரிக்கையை நிராகரித்தார். அதே ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனின் நேஷனல் பிரஸ் கிளப் என்ற பத்திரிகையாளர் மன்றம், ஜான் ஓபுஷான் பத்திரிகைச் சுதந்திர விருதை மெக்சிகோ செய்தியாளர்கள் அனைவரின் சார்பிலும் பெற்றுக்கொள்ள அவரை மேடைக்கு அழைத்தது. அவர் நன்றி சொன்னதோடு நிற்கவில்லை. தமக்குப் புகலிடம் தர மறுத்த நாட்டின் கொள்கையை, அந்த நாட்டின் தலைநகரிலேயே, செய்தியாளர் நிறைந்த அவையில் விமர்சித்தார். இரண்டு மாதம் கழித்து, டிசம்பரில், எல் பாசோ நகரில் அதிகாரிகளைச் சந்திக்கச் சென்றபோது அவருக்கும் மகனுக்கும் விலங்கு பூட்டினார்கள். நாடுகடத்துவதற்கு முன் குடிவரவு மேல்முறையீட்டு வாரியத்தின் தடையாணை வந்து சேர்ந்தது. ஆயினும் இருவரும் தடுப்புக்காவலிலிருந்து மீளவில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. மன்றம் அறிக்கை வெளியிட்டது உண்மை. அறிக்கையோடு விட்டிருந்தால் நீங்கள் சொன்னபடியே அது குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். மன்றத்தின் நிர்வாகிகள் எல் பாசோவுக்கே போனார்கள்; மற்றப் பத்திரிகை அமைப்புகளைத் திரட்டினார்கள்; வழக்கறிஞர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார்கள். அவர் பேசியதற்காகவே பழிவாங்கப்பட்டார் என்ற வாதத்தை விசாரிக்கப் போதிய ஆதாரம் இருக்கிறது என்று 2018 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. அந்த மாதமே தந்தையும் மகனும் வெளியே வந்தார்கள். பிறகு 2019-இல் குடிவரவு நீதிபதி இரண்டாம் முறையும் புகலிடம் மறுத்தார். மேல்முறையீட்டு வாரியம் அதை மாற்றி அவருக்குச் சாதகமாக முடிவெடுத்தது 2023-இல்; எல்லையில் வந்து நின்ற நாளிலிருந்து எண்ணினால் பதினைந்து ஆண்டுகள்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது வேறொன்று. பழிவாங்கப்பட்டார் என்பது உண்மையானால், அந்தப் பழிக்குக் காரணமான பேச்சுக்கு மேடை போட்டுக்கொடுத்தது மன்றம். விருது அவரைக் காப்பாற்றியதா, காட்டிக்கொடுத்ததா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவருடைய பெயரை உரக்கப் படித்து, கைதட்டி, புகைப்படம் எடுத்து வெளியிடும்போது அவரைப் பிடிக்காதவர்களுக்கும் அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். அதனால் ஏற்படும் கடனை மறுநாள் காலையில் ஏற்கத் தயாராக இல்லாத மன்றம் விருது வழங்காமலிருப்பதே நல்லது. 1908-இல் தொடங்கப்பட்டபோதே வாஷிங்டன் மன்றம் தன் நோக்கங்களில் ஒன்றாக, துன்பத்தில் உள்ள உறுப்பினர்களுக்கு உதவுவதை எழுதி வைத்திருந்தது. குட்டியெரெஸ் விஷயத்தில் அந்த வரியை உறுப்பினர் அல்லாத ஒருவருக்கும் நீட்டித்தார்கள்; நான் பாராட்டியது அதைத்தான்.

விருதுகள் வெறும் கேடயம் என்று நீங்கள் கருதுவதற்கு எதிர்ச்சான்று ஹாங்காங்கில் இருக்கிறது. அங்குள்ள வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றம் 2018 ஆகஸ்டில், ஹாங்காங் சீனாவிலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டும் என்று கோரிய கட்சியின் தலைவர் ஒருவரை மதிய உரைக்கு அழைத்தது. சீன அரசு கேட்டுக்கொண்டும் நிகழ்ச்சியைக் கைவிடவில்லை. நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கிய துணைத் தலைவர் விக்டர் மாலெட்டின் பணி விசா அக்டோபரில் புதுப்பிக்கப்படவில்லை. நாலு ஆண்டுக்குள் நிலைமை மேலும் மாறியது. 1995 முதல் வழங்கப்பட்டுவந்த மனித உரிமைப் பத்திரிகை விருதுகளை, நடுவர்கள் தீர்ப்பெழுதி முடித்த பிறகு, 2022 ஏப்ரலில் அதே மன்றம் நிறுத்திவைத்தது. வென்றவர்களில் ஸ்டாண்ட் நியூஸ் இருந்தது. அந்தச் செய்தி நிறுவனம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் காவல்துறைச் சோதனைக்குப் பின் மூடப்பட்டிருந்தது. எது அனுமதிக்கப்பட்டது, எது இல்லை என்ற எல்லைக்கோடு எங்கே கிடக்கிறது என்று தெரியாத நிலையில் அறியாமல் சட்டத்தை மீற விரும்பவில்லை என்று மன்றம் விளக்கம் சொன்னது. மன்றத்தின் பத்திரிகைச் சுதந்திரக் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். அடுத்த ஆண்டு அந்த விருதுகளை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி ஏற்று நடத்தியது.

அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மன்றம் இயங்கும் கட்டடம் அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது. வழக்கு வந்தால் சிறைக்குப் போகக்கூடியவர்கள் அங்கே வேலைசெய்யும் உள்ளூர்க்காரர்கள். எனினும், வெறும் கேடயத்தைக் கொடுப்பதற்கு எவரும் வழக்கறிஞரிடம் யோசனை கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி விருந்து. பதவியில் இருப்பவரோடு ஒரு மேசையில் உண்பது பேனாவின் கூர்மையை மழுக்கும் என்கிறீர்கள். மழுக்கும்தான், கேள்வி கேட்கும் முறை சரியாக இல்லாவிட்டால். வாஷிங்டன் மன்றத்தின் மதிய விருந்துகளில் ஒரு பழக்கம் உண்டு. உணவு மேசைகளில் இருப்பவர்கள் கேள்விகளை அட்டையில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். மன்றத் தலைவர் அவற்றைப் பொறுக்கி எடுத்துப் படிப்பார். வந்தவர் யாராயினும் இறுதியில் அவர் கைக்குக் கிடைப்பது மன்றத்தின் சின்னம் பொறித்த ஒரு காபிக் குவளை. கேட்டவர் யார் என்று விருந்தினருக்குத் தெரியாததால் கூச்சமில்லாமல் கேட்கலாம் என்பது இந்த முறையின் நன்மை. பதில் நழுவும்போது துணைக்கேள்வி போட முடியாது, தலைவருக்குப் பிடிக்காத அட்டை அடியில் தங்கிவிடலாம் என்பது தீமை. எனக்கு இந்த முறை முழுக்கப் பிடித்தமில்லை. ஆயினும் கேள்வியே இல்லாமல் பொன்னாடை போர்த்தி அனுப்பும் விழாவைவிட இது மேல்.

கேள்வி கேட்கும் உரிமையுள்ளவர் அவையில் யார் என்பதும் முக்கியம். அதே மன்றத்துக்கு இதில் பெருமைப்பட அதிகமில்லை. முதல் கறுப்பின உறுப்பினரை, லூயி லாட்டியரை, அது சேர்த்துக்கொண்டது 1955-இல். அந்த ஆண்டிலிருந்துதான் பெண் செய்தியாளர்களுக்கும் உரைகளைக் கேட்க அனுமதி கிடைத்தது. அதுவும் மேல்மாடத்தில் நின்று. கீழே ஆண்கள் உண்டுகொண்டே கேள்வி கேட்க, நெரிசலான மாடத்தில் நின்று குறிப்பெடுத்தவர்களுக்கு உணவும் இல்லை, கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. (துணைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பியானோ வாசிக்க, அதன் மேல் நடிகை லாரன் பக்கால் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படம் 1945-இல் எடுக்கப்பட்டது இந்த மன்றத்தில்தான். பியானோவின் மேல் இடம் கிடைத்த பெண்ணினத்துக்கு உறுப்பினர் அட்டை கிடைக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின.) 1963 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமைகளுக்கான வாஷிங்டன் பேரணிக்கு இரண்டு நாள் முன்பு, அதன் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அங்கே பேச ஒப்புக்கொண்டபோது வழக்கறிஞர் பாலி மர்ரி அவருக்குக் கண்டனம் எழுதினார். பெண் செய்தியாளரை மாடத்துக்கு அனுப்புவது கறுப்பினத்தவர் என்பதற்காக ராண்டால்ஃபைப் பேருந்தின் பின்பகுதிக்கு அனுப்புவதற்கு ஒப்பான அவமானம் என்பது அவர் வாதம். ராண்டால்ஃப் போய்ப் பேசினார். மன்றம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1971-இல். 1982-இல் விவியன் வால்பெர்க் அதன் முதல் பெண் தலைவரானார்.

விலகி நின்றவர்கள் அந்த விதியை மாற்றவில்லை. 1919-இலேயே தங்களுக்கென்று தனி மன்றம் தொடங்கிய பெண்களும், அவர்களுக்காக உள்ளிருந்து வாக்களித்த ஆண்களும் சேர்ந்துதான் மாற்றினார்கள்.

ஆகவே சந்தாவைக் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு, பொதுக்குழுவுக்கு மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்: சென்ற ஆண்டு விருந்துக்கான செலவை யார் ஏற்றார்கள், தம் அலுவலகத்தாரின் படைப்பு வரும்போது நடுவர் வெளியேற வேண்டும் என்ற விதி உண்டா, கடந்த ஐந்து ஆண்டுகளில் விருது பெற்றவர்களில் எவர்மீதாவது வழக்கு நடக்கிறதா, நடந்தால் மன்றம் அவருக்கு வழக்கறிஞர் வைத்துக் கொடுத்ததா. சந்தா பாக்கி உள்ளவருக்கு அங்கே எழுந்து கேட்க உரிமை இராது. செயலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.