ஜார்ஜியாவில் வாங்கிய படகு, புளோரிடாவில் பதிவு

கேள்வி: ஜார்ஜியா மாநிலம் பிரன்ஸ்விக்கில் ஒருவரிடம் பழைய 18 அடி அலுமினியப் படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றையும் சேர்த்து 6,500 டாலருக்கு வாங்கி, புளோரிடாவில் நான் இருக்கும் ஜாக்சன்வில்லுக்கு இழுத்து வந்துவிட்டேன். கையில் இருப்பது ஒரு பில் ஆஃப் சேலும் (விற்பனைச் சீட்டு) அவருடைய படகு ரெஜிஸ்ட்ரேஷனும்தான் (பதிவுச் சீட்டு). டைட்டில் (அரசு தரும் உரிமைச் சான்றிதழ்) இல்லாமல் எப்படி வாங்கினாய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வெளி மாநிலப் படகை 90 நாள் வரை அப்படியே ஓட்டலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது? (ஜாக்சன்வில் வாசகர்)

பதில்: முதலில் டைட்டில் பயத்தை விடுங்கள். ஜார்ஜியா படகுகளுக்கு டைட்டில் கொடுப்பதே இல்லை. அங்கே இயற்கை வளத்துறை ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும்தான் தரும், அதனால் விற்றவர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. புளோரிடாவில் கதை வேறு, மோட்டார் வைத்த படகு என்றால் இங்கே டைட்டிலும் வேண்டும், ரெஜிஸ்ட்ரேஷனும் வேண்டும். டைட்டில் இல்லாத மாநிலத்திலிருந்து படகு வரும்போது அந்த மாநிலத்தின் ரெஜிஸ்ட்ரேஷனும் பில் ஆஃப் சேலும் சேர்ந்துதான் உரிமைக்குச் சான்று. அந்த இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரேஷனில் உள்ள பெயரும் பில்லில் கையெழுத்துப் போட்டவர் பெயரும் ஒன்றுதானா என்று மட்டும் இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்.

90 நாள் என்பது உங்களுக்கானது இல்லை. வேறு மாநிலத்தில் செல்லுபடியாகும் பதிவோடு இங்கே வந்து போகிறவர்களுக்கான சலுகை அது. நீங்கள் இங்கே குடியிருப்பவர், படகும் இங்கேயே இருக்கப் போகிறது, வாங்கிய நாளிலிருந்து 30 நாள்தான் உங்கள் கணக்கு. அந்த 30 நாளுக்குள் தண்ணீரில் இறக்கலாம், ஆனால் வாங்கிய தேதியைக் காட்டும் காகிதம் படகிலேயே இருக்க வேண்டும், வீட்டு மேசை டிராயரில் இருந்தால் உதவாது. ஒரு ஜிப் பையில் போட்டு ஸ்டீயரிங்குக்குக் கீழே வைத்துவிடுங்கள். 30 நாள் தாண்டி பதிவில்லாமல் ஓட்டினால் அது வெறும் அபராத விஷயமாகப் போகாது, சட்டப்படி இரண்டாம் நிலைக் குற்றம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் டிரெய்லரின் காகிதம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. படகும் டிரெய்லரும் சேர்ந்தே வருவதால் நாம் அதை ஒரே பொருளாக நினைத்துவிடுகிறோம், அரசாங்கம் அப்படி நினைப்பதில்லை. படகு ஒரு கலம், டிரெய்லர் ஒரு வாகனம், இரண்டுக்கும் தனித்தனி எண், தனித்தனி பதிவு. நான் முதன்முதலாக வாங்கிய பழைய படகின் பில்லில் "டிரெய்லருடன் ஒரு படகு" என்று ஒரே வரிதான் இருந்தது, டிரெய்லரின் எண் இல்லை, விலை இல்லை. கவுண்டரில் இருந்த பெண்மணி அதைப் படித்துவிட்டு மெதுவாக என் பக்கம் திருப்பித் தள்ளினார். விற்றவர் அதற்குள் வேறு ஊருக்கு வீடு மாறிவிட்டார், புதிய பில் ஒன்று வாங்கி வர எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிரன்ஸ்விக் உங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அவர் இன்னும் போன் எடுக்கிறார் என்றால் இந்த வாரமே போய் இரண்டு பில் எழுதி வாங்குங்கள், படகுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பேரின் பெயர், முகவரி, கையெழுத்து, தேதி, விலை இருக்க வேண்டும். படகு பில்லில் ஹின் எனப்படும் படகு உடல் எண்ணும் மோட்டாரின் விலையும் தனியாக வரட்டும். டிரெய்லர் பில்லில் வின் எனப்படும் அதன் வாகன அடையாள எண். எண்களை அவர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள், இரும்பிலும் அலுமினியத்திலும் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். அப்படியே அவருடைய டிரெய்லர் ரெஜிஸ்ட்ரேஷனையும் கேட்டு வாங்குங்கள், வாங்கியாக வேண்டும். புளோரிடாவில் 2,000 பவுண்டுக்குக் குறைவான டிரெய்லருக்கு டைட்டில் கிடையாது, ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும்தான், 18 அடி அலுமினியப் படகின் டிரெய்லர் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். எடை என்றால் வெறும் டிரெய்லரின் எடை, மேலே உட்கார்ந்திருக்கும் படகைச் சேர்த்து இல்லை. ஜார்ஜியா நம்பர் பிளேட் இன்னும் டிரெய்லரில் தொங்கினால் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுங்கள், அது அவருடையது.

எங்கே போவது என்றால், இதில் புளோரிடாக்காரர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. சில மாநிலங்களில் படகுக்கு ஒரு துறை, டிரெய்லருக்கு இன்னொரு துறை என்று அலைய வேண்டும், இங்கே இரண்டுமே கவுண்டி டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்தில், அதாவது மாவட்ட வரி அலுவலகத்தில்தான். ஒரே டோக்கனில் முடித்துவிடலாம். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே "வெளி மாநிலப் படகு, டிரெய்லர், இரண்டும்" என்று சொல்லுங்கள், அப்போதுதான் நேரம் போதுமான அளவு ஒதுக்குவார்கள்.

பணம் பற்றி. மாநில விற்பனை வரி 6 சதவீதம், அதற்கு மேல் கவுண்டியின் கூடுதல் வரி, அந்தக் கூடுதல் மட்டும் ஒரு பொருளின் முதல் 5,000 டாலருக்குத்தான். வேறு மாநிலத்தில் முறைப்படி வரி கட்டிய ரசீது இருந்தால் கழித்துக்கொள்வார்கள், நீங்கள் தனி மனிதரிடம் வாங்கியதால் அப்படி ரசீது இருக்க வாய்ப்பில்லை, முழு வரியையும் இங்கேயே கட்டத் தயாராகப் போங்கள். பில்லில் விலையைப் பிரித்து எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், 6,500 என்று ஒற்றைத் தொகை இருந்தால் மொத்தத்துக்கும் வரி போட்டுவிடுவார்கள். விலையைக் குறைத்து எழுதிக் கொடுக்கிறேன் என்று விற்பவர்கள் சில பேர் தாங்களாகவே சொல்வார்கள். வேண்டாம். கையெழுத்துப் போடுவது நீங்கள். பதிவுக் கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது, 16 அடி முதல் 26 அடிக்குள் என்றால் மாநிலக் கட்டணம் ஆண்டுக்கு 28.75 டாலர், அதோடு சேவைக் கட்டணம், டைட்டில் கட்டணம் சேரும். வரிதான் பெரிய செலவு, மற்றதெல்லாம் சில்லறை.

எல்லாம் முடிந்ததும் எஃப்எல் என்று தொடங்கும் புது புளோரிடா எண் வரும். ஜிஏ என்று தொடங்கும் பழைய ஜார்ஜியா எண்ணை முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு, படகின் முன்பக்கம் இரண்டு பக்கமும் புதியதை ஒட்டுங்கள். எழுத்து குறைந்தது 3 அங்குல உயரம், படகின் நிறத்தோடு கலக்காத நிறம், அலங்கார எழுத்து கூடாது, எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். ஆண்டு ஸ்டிக்கர் இடது பக்கம் மட்டும், எண்ணின் வரிசையிலேயே, 6 அங்குலத்துக்குள். சாம்பல் நிற அலுமினியத்தில் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரியும்.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள மோட்டாரை ஓட்டப் படகுப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். பதிவு வேலை நடக்கும்போதே அதையும் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கப் பார்க்கும் படகில் ஹின் எண் சரியாகத் தெரியவில்லை, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரேஷனில்தான் எண் இருக்கிறதே, அது போதாதா? (தாம்பா வாசகி)

பதில்: போதாது அம்மா. காகிதத்தில் இருப்பது இந்தப் படகின் எண்தான் என்று படகுதான் சொல்ல வேண்டும்.

1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் விற்பனைக்காகக் கட்டப்பட்ட ஒவ்வொரு படகுக்கும் இந்த எண் கட்டாயம். பின்பக்கப் பலகையின் வெளிப்புறத்தில், வலது மேல் மூலையில் இருக்கும், பின்னால் நின்று பார்த்தால் உங்கள் வலது கைப் பக்கம். 12 எழுத்து, எண். முதல் மூன்றும் தயாரிப்பாளரின் குறியீடு, அடுத்த ஐந்தும் அந்தப் படகின் வரிசை எண், கடைசி நான்கும் தேதி. 1984 ஆகஸ்ட் முதல் அந்த நான்கை இப்படிப் படிக்க வேண்டும்: "கே213" என்று முடிந்தால், கே பதினோராவது எழுத்து, அதனால் நவம்பர், 2 என்பது 2012, 13 என்பது 2013 மாடல். விற்பவர் 2016 மாடல் என்று சொல்லி எண் 13 என்று முடிந்தால் அங்கேயே பேச்சை நிறுத்தலாம். தயாரிப்பாளர் குறியீட்டை அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், இலவசம்.

பெயின்டுக்கு அடியில் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பாருங்கள். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி. பள்ளமாகப் பொறித்த எண் என்றால் தாளில் கிளம்பி வரும். ஒரு தடவை எனக்குப் பன்னிரண்டில் பதினொன்று வந்தது, ஒரு 8 மட்டும் 3 போலத் தெரிந்தது, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தபோதுதான் தெளிந்தது. உரசி அழித்த தடமோ, வேறு தகடு ஒட்டிய தடமோ தெரிந்தால் தொடாதீர்கள், எண் திருத்தப்பட்ட படகைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நீங்கள் ஒரு தப்பும் செய்யாவிட்டாலும் படகு போய்விடும். 1984-க்குப் பிந்தைய படகுகளில் அதே எண் இன்னொரு மறைவான இடத்திலும் இருக்கும், அதைத் தேடிப் பார்ப்பது அதிகாரிகளின் வேலை. எண் வெறுமனே தேய்ந்துதான் போயிருக்கிறது என்று விற்பவர் சொன்னால், புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரியை வரவழைத்துக் காட்டிச் சரிசெய்வது அவருடைய பொறுப்பு. அது முடிந்தபின் நீங்கள் பணம் கொடுக்கலாம்.

கேள்வி: விற்பவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஜார்ஜியா ரெஜிஸ்ட்ரேஷன் வேறொருவர் பெயரில் இருக்கிறது. போன வருஷம் அவரிடம் வாங்கினாராம், பெயர் மாற்றவில்லையாம். வாங்கலாமா? (ஜாக்சன்வில் இன்னொரு வாசகர்)

பதில்: இப்படியே வாங்க வேண்டாம். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லை. பழைய உரிமையாளர் இவருக்கு விற்றதற்கு ஒரு பில், இவர் உங்களுக்கு விற்பதற்கு ஒரு பில், இரண்டும் வேண்டும். இல்லையென்றால் இவரே ஜார்ஜியாவில் தன் பெயருக்கு மாற்றிவிட்டு விற்கட்டும், எனக்குப் பிடித்தது இந்த வழிதான், ஏனென்றால் அலைச்சல் அவருடையது, அதை முடித்துக் கொடுப்பதும் அவர் கடமை. பழைய உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால் வாரிசுகளின் கோர்ட் காகிதம் இல்லாமல் இது நகராது.

கடனையும் பாருங்கள். டைட்டில் இல்லாத மாநிலத்தில் வங்கியின் பெயர் படகுக் காகிதத்தில் தெரியாது, யுசிசி என்ற கடன் பதிவேட்டில்தான் இருக்கும். ஜார்ஜியாவில் அதை மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். பழைய உரிமையாளர், இப்போதைய விற்பவர், இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். முன்பணம் கேட்டால், காகிதம் வந்ததும் முழுத் தொகையும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.