குழாய்ச் சாமான் ஷோரூமிலா, பாரிமுனையிலா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் இரண்டு பாத்ரூம்களைப் புதுப்பிக்கிறோம். பெரிய கடைத்தொடர் ஒன்றில் 25 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். எங்கள் பிளம்பர், பாரிமுனையில் தனக்குத் தெரிந்த கடையில் 35 சதவீதம் குறைப்பார்கள், அங்கேதான் வாங்க வேண்டும் என்கிறார். எது லாபம்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: சதவீதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குழாய்க்கும் பீங்கானுக்கும் கம்பெனி விலைப்பட்டியல் இருக்கிறது. பாரிமுனையின் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கடைகளில் அந்தப் பட்டியலிலிருந்து 'இத்தனை பர்சென்ட் லெஸ்' என்று பேசுவார்கள். பல நேரம் அது ஜி.எஸ்.டி. சேராத பேச்சு. ஷோரூமில் சொல்வது வரி சேர்ந்த எம்.ஆர்.பி.யிலிருந்து கழிக்கும் தள்ளுபடி. இரண்டு இடத்திலும் எழுதியிருப்பது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஷோரூமில் 25 சதவீதம் போக 750 ரூபாய். பாரிமுனைக் கடையில் 35 சதவீதம் போக 650 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி சேர்ந்தால் 767 ரூபாய். அதிகத் தள்ளுபடி சொன்ன இடத்தில் 17 ரூபாய் கூடுதல். எனவே மாடல் எண்ணை எழுதிக் கொடுத்து, 'வரி, வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் சேர்த்து என்ன விலை?' என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்து, விலை சொன்ன பொருளில் எதெல்லாம் அடக்கம் என்று பாருங்கள். தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் திருப்பிவிடும் ஷவர் டைவர்ட்டரில் சுவருக்குள் புதையும் பாடி தனி, வெளியே தெரியும் கைப்பிடியும் தட்டும் தனி. காட்சிக்கு வைத்திருப்பதன் விலை வெளிப்பாகத்துக்கு மட்டுமே இருக்கலாம். வாஷ்பேசின் வாங்கினால் வேஸ்ட் கப்ளிங், பாட்டில் டிராப், ஆங்கிள் வால்வு, கனெக்‌ஷன் பைப், சுவரில் மாட்டும் போல்ட் எல்லாம் தனித்தனி பில். சலுகையில் மிச்சம் பிடித்த பணம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது.

தரையில் வைக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பணம் கட்டும் முன் கட்டாயம் ஓர் அளவு எடுக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரையில் உள்ள கழிவுக் குழாயின் நடுப்புள்ளி வரை எத்தனை அங்குலம்? கழிவு தரைக்குள் இறங்கும் எஸ் டிராப் மாடல்களில் 9 அங்குலமும் 12 அங்குலமும் அதிகம் புழங்குகின்றன. பழைய வீடுகளில் இதைவிடக் குறைவாகவும் இருக்கும். 9 அங்குலக் குழியில் 12 அங்குல மாடல் வந்து இறங்கினால், தரையை உடைக்க வேண்டும் அல்லது பொருளைத் திருப்ப வேண்டும். சலுகை விலையில் எடுத்ததைத் திருப்புவது பல கடைகளில் எளிதல்ல. சுவரில் குழாய் வெளியேறும் வீடு என்றால் பி டிராப் கேளுங்கள். வால் மிக்ஸருக்கு சூடு, குளிர் இரண்டு முனைகளின் நடு இடைவெளி வழக்கமாக 150 மில்லிமீட்டர். சிறு வித்தியாசத்தை அதன் வளைந்த கால்கள் சரிக்கட்டும், பெரிய வித்தியாசத்தைச் சரிக்கட்டாது.

பிளம்பருக்குக் கடை கமிஷன் தருவது இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். அதற்காக அவர்மேல் சந்தேகப்பட்டுச் சண்டை போட வேண்டாம். கூலியைத் தனியாகப் பேசி முடித்து, சாமான் நீங்களே வாங்குவதாகச் சொல்லிவிடுங்கள். சுவருக்குள் போகும் பைப், பிட்டிங், கன்சீல்டு வால்வு ஆகியவற்றை மட்டும் அவர் கை பழகிய பிராண்டிலேயே எடுங்கள். நாளைக்கு ஒழுகினால் பொறுப்பேற்க வேண்டியவர் அவர்தான். கண்ணில் படும் குழாய், பேசின், ஷவர் எல்லாம் உங்கள் விருப்பம். அவற்றைத் திருகிப் பார்த்து, கையில் எடை பார்த்துத் தேர்ந்தெடுக்க ஷோரூம் நல்ல இடம்.

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு இஞ்ச் பிவிசி பைப்பில் எல்போ (வளைவு இணைப்பு) உடைந்துவிட்டது. பெரிய கடையில் ஒரு இஞ்ச் எல்போ வாங்கி, சொல்யூஷன் தடவி ஒட்டியும் ஒழுகுகிறது. பொருள் போலியா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அளவு முறை வேறாக இருக்கலாம். நம் ஊரில் 'ஒரு இஞ்ச்' என்ற பெயரில் இரண்டு பைப்கள் ஓடுகின்றன. ஐ.எஸ். 4985 தரத்தில் வரும் சாம்பல் நிற பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர். ஷெட்யூல் 40, 80 என்று எழுதிய வெள்ளை யுபிவிசி பைப்பின் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர். பழைய 32 பைப்பைப் புதிய 33.4 எல்போவில் செருகினால் லொடலொடவென்று உட்காரும். சொல்யூஷன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும் திரவம். இடைவெளியை அடைக்கும் பசை அல்ல. தொட்டி நிறைந்து அழுத்தம் ஏறியதும் கசியும். முக்கால் இஞ்சிலும் இதே குழப்பம்தான்: ஒன்று 25, இன்னொன்று 26.7. சுடுதண்ணீர் போகும் சிபிவிசியில் முக்கால் என்பது 22.2 மில்லிமீட்டர், அது மூன்றாவது கணக்கு.

பழைய பைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, கையோடு கொண்டுபோங்கள். பாக்கெட்டில் அடைத்துத் தொங்கவிட்டிருக்கும் இடத்தில் செருகிப் பார்க்க விடமாட்டார்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையில் டப்பாவைக் கவிழ்த்து நான்கு எல்போவில் போட்டுப் பார்த்துத் தருவார்கள். இந்த வேலைக்கு அந்தக் கடைதான் சரி. சொல்யூஷன் தடவாத நிலையில் பைப் எல்போவின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை எளிதாகப் போய், பிறகு இறுக வேண்டும். அடிவரை தானாக விழுந்தால் அளவு தவறு. இரண்டு முறைகளையும் இணைத்தே ஆக வேண்டுமானால், அந்தந்தப் பைப்புக்குரிய எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. (ஒரு முனையில் திருகு மரை உள்ள இணைப்புகள்) போட்டு மரையில் இணையுங்கள். மரை அளவு இரண்டுக்கும் பொது. ஒட்டிய பிறகு சொல்யூஷன் டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் முடியும் வரை கேட் வால்வைத் திறக்காதீர்கள். அவசரமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டுப்போகும் இணைப்புகள் ஏராளம்.

கேள்வி: வெளிநாடுகளில் பிரம்மாண்டமான ஹார்டுவேர் கடைகள் சின்னக் கடைகளை விழுங்கிவிட்டன என்கிறார்கள். சென்னையிலும் அது நடக்குமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கடை பெரிதாக இருப்பதாலேயே ஜெயித்துவிடுவதில்லை. அமெரிக்காவில் ஹோம் டிப்போவும் லோஸும் கொடிகட்டிப் பறக்கின்றன. ஆனால் ஹோம் டிப்போ 2006இல் சீனாவில் 12 கடைகளை வாங்கி இறங்கியது, 2012இல் எஞ்சியிருந்த 7 பெரிய கடைகளையும் மூடியது. அங்கே கூலிக்கு ஆள் எளிதில் கிடைத்ததால், தானே டிரில் எடுத்து வேலை செய்யும் வழக்கம் மக்களிடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான உல்வொர்த்ஸ், லோஸுடன் கூட்டு சேர்ந்து 2011இல் மாஸ்டர்ஸ் கடைகளைத் திறந்தது. அங்கே ஏற்கெனவே வேரூன்றிய ஹார்டுவேர் கடைத்தொடரான பன்னிங்ஸை எதிர்த்து நிற்க முடியாமல் 2016 டிசம்பரில் அத்தனையும் மூடப்பட்டன. அதே பன்னிங்ஸ் 2016இல் பிரிட்டனின் ஹோம்பேஸ் கடைத்தொடரை 34 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அங்குள்ள வாடிக்கையாளர் விரும்பிய திரைச்சீலை, மெத்தை, அலங்காரச் சாமான்களை எடுத்துவிட்டுத் தன் பாணியில் கருவிகளை அடுக்கியது. 2018இல் வெறும் ஒரு பவுண்டுக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

சென்னையில் பொருளைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் பெயின்டரும்தான். காலை ஏழரைக்கு ஒரு பைப் பெண்டும் அரை கிலோ ஆணியும் கணக்கில் எழுதிக் கொடுக்கும் கடையை அவர்கள் விடமாட்டார்கள். டைல்ஸ், விளக்கு, பேசின் போன்றவற்றை வீட்டுக்காரர் குடும்பத்தோடு பார்த்து வாங்குகிறார். அந்த வியாபாரம் பெரிய கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் போகும் என்பது என் கணிப்பு.

கேள்வி: '304 ஸ்டீல்' என்று சொல்லி விற்ற கதவுக் கீல்களில் ஆறே மாதத்தில் துரு. காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினோம், ஒட்டவில்லை.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: 304, 202, 316 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ரக எண்கள். காந்தச் சோதனை இங்கே உதவாது. விலை குறைந்த 202 ரகமும் காந்தத்தில் அனேகமாக ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டீல் வியாபாரிகளிடம் ஒரு சோதனைத் திரவம் உண்டு. ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியின் மின்சாரத்தைச் சில விநாடி தொடவைத்தால், 202 ரகத்தில் சொட்டு சிவக்கும். கீலின் உட்பக்கத்தில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் '304' என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

கடலை ஒட்டிய தெருவில் 304கூடப் பழுப்புக் கறை பிடிக்கும். மழையும் காற்றும் நேரே படும் பால்கனி கைப்பிடிக்கு 316 நல்லது, விலை அதிகம். எந்த ரகமானாலும் நல்ல தண்ணீரால் அவ்வப்போது துடைத்துவிடுங்கள். பாத்ரூம் ஆசிட்டை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: பழுதான டிரில் மெஷினை 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைக் காட்டி மறுக்கிறார்கள்.
– வாசகர், கொளத்தூர்

பதில்: பழுதான பொருளுக்கு அந்த போர்டு செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைக்கும்போது பில்லும், மெஷினின் சீரியல் எண்ணும் கையில் இருக்கட்டும்.