ஆர்எக்ஸ்-8: ரோட்டரி இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதா, வேறு இன்ஜின் மாற்றுவதா?

2004 மாஸ்டா ஆர்எக்ஸ்-8, சூடானபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை, இன்ஜினைக் கட்டவா மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் அமுக்கப்படுகிறது என்று பாருங்கள். சாதாரண கேஜ் போதாது. இந்த இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதில் சுழல்வது முக்கோண வடிவ ரோட்டர்; ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்கில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் இன்ஜின் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் நன்றாகவே இருந்தால், பிரிக்காதீர்கள். ஸ்டார்ட்டர், இக்னிஷன் காயில் இரண்டையும் சோதியுங்கள்.

பிரித்தால் செலவை ஏற்றுவது சீல் மட்டுமல்ல, ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கும்தான். உள்சுவரின் குரோம் பூச்சில், ஸ்பார்க் பிளக் துளையருகே நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் பூச்சு உரிந்திருக்கிறது. அதிலேயே புது ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல்) போட்டுக் கட்டுவது காசைக் கரைக்கும் வேலை.

சரி, வி8 (எட்டு சிலிண்டர் பிஸ்டன் இன்ஜின்) போடலாமா? இன்ஜின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கியர்பாக்ஸ், மவுன்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் எல்லாம் மாறும். அப்புறம் வயரிங்: மீட்டரும் எலக்ட்ரிக் ஸ்டியரிங்கும் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டே இருப்பவை. பாதியில் நின்றுபோகும் இன்ஜின் மாற்றும் வேலைகள் பல இங்கேதான் நிற்கின்றன.

ஹவுசிங் தேறினால் நான் கட்டவே சொல்வேன். சிறிய, லேசான அந்த இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால்தான் வளைவில் கார் அப்படித் திரும்புகிறது. கட்டும்போதே புது காயில்களும் போட்டுவிடுங்கள்.