இமைக்கு எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

இமை முடி, இமை வீக்கம், கண்கட்டி என்று இமையைச் சுற்றியே நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் கடைக்குப் போகும் முன் கேட்டவை. சில, வாங்கி ஏமாந்த பிறகு கேட்டவை.

கேள்வி: இமை முடி நீளமாக வளர ஒரு சீரம் வாங்கலாம் என்று பார்க்கிறேன். சில வாரங்களில் பலன் என்கிறார்கள். அட்டையில் 'கண் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்றும் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'சோதிக்கப்பட்டது' என்றால் ஏதோ ஒரு சோதனை நடந்தது என்று மட்டும்தான் பொருள். எத்தனை பேரிடம் நடந்தது, என்ன முடிவு வந்தது என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. உங்களுக்கு வேண்டிய தகவல் பொடி எழுத்தில் இருக்கும் சேர்பொருள் பட்டியலில்தான் இருக்கிறது.

பைமட்டோப்ராஸ்ட் என்று ஒரு மருந்து உண்டு. கண் அழுத்த நோயான குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்தாக வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இமை முடி நீண்டு, தடித்து, கறுத்து வளர்வதைப் பார்த்த பிறகு, அதே 0.03 சதவீதக் கரைசலை இமை முடிக்கென்றே கொண்டுவந்தார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் அதற்கு அனுமதி கொடுத்தது. லாட்டிஸ் என்பது அதன் வணிகப் பெயர். மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து இது. இரவில் ஒரு முறை, மேல் இமை விளிம்பில் மட்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் புதிய தூரிகையால் பூச வேண்டும். முழுப் பலன் தெரிய 16 வாரம் ஆகும். நிறுத்தினால் முடி மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால் ஒரு குப்பியின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வருடத்துக்கு எத்தனை குப்பி ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பக்க விளைவுகளும் உண்டு. கண் சிவக்கலாம், அரிக்கலாம். இமைத் தோல் கறுக்கலாம். நிறுத்தினால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். கண் பாப்பாவைச் சுற்றியுள்ள வட்டம் பழுப்பாக மாறுவது அரிது, ஆனால் மாறினால் அப்படியே நின்றுவிட வாய்ப்பு அதிகம். இமையைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் குழி விழுந்தது போலத் தெரிவதும் உண்டு. மருந்து வழிந்து கன்னத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் அங்கேயும் முடி முளைக்கும்.

இதெல்லாம் மருந்தின் கதை, நான் வாங்குவது வெறும் அழகு சீரம்தானே என்று நினைக்காதீர்கள். அழகுப் பொருளாக விற்கும் சில சீரங்களிலும் இதே மருந்துக் குடும்பத்தின் உறவுப் பொருள்கள் இருக்கின்றன. ஐசோப்ரோப்பைல் குளோப்ரோஸ்டனேட் அவற்றில் ஒன்று. பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். சேர்பொருள் பட்டியலில் ஏதாவது ஒரு நீளமான பெயருக்குள் பி, ஆர், ஓ, எஸ், டி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் சேர்ந்தாற்போல வருகின்றனவா என்று தேடுங்கள். வந்தால் அதை மருந்தாகவே நினைத்து, கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கேட்காமல் தொடவே வேண்டாம். ஏற்கெனவே குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுபவர்களும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் சிகிச்சையே குழம்பிப்போகும்.

அந்த எழுத்துகள் இல்லாத, பெப்டைடு, பேந்தெனால் போன்றவை மட்டும் உள்ள சீரம் என்றால், முடியில் ஈரப்பசையைத் தக்கவைத்து ஒடியாமல் காக்க உதவலாம். வளர்க்கும் என்ற பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரிய விலை கொடுக்க அதில் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: எனக்கு ஒரு கண்ணில் இமை முடி கொட்டி நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. விளக்கெண்ணெய் தடவினால் வளருமா?

பதில்: விளக்கெண்ணெய் முடியின் மேல் படிந்து பளபளப்பாக்கும், அதனால் அடர்த்தி கூடியது போலத் தெரியும். முடியை வளர்க்கும் என்று நம்பகமான ஆய்வு எதுவும் காட்டவில்லை. கண்ணுக்குள் போனால் பார்வை மங்கும், எரியும்.

எனக்கு எண்ணெயைவிட அந்த இடைவெளிதான் கவலை. தானாக உதிர்ந்த முடியானால் இரண்டு மூன்று மாதத்துக்குள் புதிது எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். இமை விளிம்பு அழற்சி, தைராய்டு கோளாறு, முடி திட்டுத்திட்டாகக் கொட்டும் அலோபீசியா ஏரியேட்டா, தன்னையறியாமல் முடியைப் பிடுங்கும் பழக்கம் என்று பட்டியல் நீளும். கொட்டிய இடத்தில் சின்னக் கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இமையில் வரும் புற்றுநோய் சில நேரம் இப்படித்தான் தலைகாட்டும். கீமோதெரபியால் கொட்டியது என்றால் பயம் வேண்டாம், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

கேள்வி: காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொள்கிறது, ஓரத்தில் பொருக்கு, நாள் முழுக்க உறுத்தல். பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை விளிம்பு அழற்சி என்றார்கள். இமை துடைக்கும் வைப்ஸ், சூடாக்கும் கண் மாஸ்க், ஸ்பிரே என்று மூன்றையும் வாங்கச் சொல்கிறார்கள். இமையில் பூச்சி இருக்கலாம் என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார். எது அவசியம்?

பதில்: மூன்றும் அவசியமில்லை. ஆனால் இதில் வேலை அதிகம், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இமை விளிம்பில், முடிகளுக்குச் சற்று உள்ளே, வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். அவற்றின் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கிறது. அது கெட்டியாகி வாய் அடைத்துக்கொண்டால் எரிச்சலும் உறுத்தலும் ஆரம்பிக்கும். அதை இளக்கத்தான் ஒத்தடம். மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் இதமான சூடு இருக்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். என்ன, இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். மாஸ்க் வாங்கினால் கிடைப்பது அந்த வசதிதான்: சூடு ஒரே சீராக நிற்கும். தினமும் துணி நனைக்க உங்களுக்குப் பொறுமை இல்லை என்றால் வாங்குங்கள், தப்பில்லை. கண்மேல் வைக்கும் முன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள்.

ஒத்தடம் முடிந்ததும் மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, முடி வரிசையை நோக்கி விரலால் மெதுவாக நீவ வேண்டும். அப்புறம் விளிம்பைத் துடைக்க வேண்டும். குழந்தைகள் ஷாம்பூவை வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கலந்து, பஞ்சில் தொட்டுத் துடைப்பது பழைய முறை. பலருக்கு அதுவே போதும். சிலருக்கு அது எரியும், தோல் வறளும். அவர்கள் வைப்ஸோ ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரேயோ வாங்கலாம். இரண்டில் ஒன்று போதும். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, அடங்கிய பிறகு ஒரு முறை. ஒரேயடியாகப் போய்விடுகிற நோய் இல்லை இது, அடக்கி வைக்கிற நோய். 'நிரந்தரத் தீர்வு' என்று எழுதிய பெட்டியை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

பூச்சி விஷயம் பொய்யில்லை. டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய சிற்றுண்ணி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். வயதானவர்களில் பெரும்பாலோரின் முடிக்கால்களில் இருக்கும், எல்லோருக்கும் தொல்லை தராது. அளவுக்கு மீறிப் பெருகினால்தான் சிக்கல். உருப்பெருக்கிக் கண்ணாடியை முகத்துக்குக் கீழே பிடித்து, கண்ணைத் தாழ்த்தி, மேல் இமை முடிகளின் அடியைப் பாருங்கள். முடியைச் சுற்றிச் சட்டைக் காலர் போல, மெழுகு நிறத்தில் சின்னக் குழாயாகப் பொருக்கு இருந்தால் டெமோடெக்ஸ் என்று சந்தேகிக்கலாம். அதற்காக டீ ட்ரீ எண்ணெயை வாங்கி அப்படியே இமையில் தடவிவிடாதீர்கள், கண்ணின் மேற்பரப்பு பொத்துப்போகும். கண்ணுக்கென்றே அளவாகக் கலந்த வைப்ஸ் இருக்கின்றன. லோட்டிலேனர் 0.25 சதவீதச் சொட்டு மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; தினம் இரண்டு வேளை, 6 வாரம் போட வேண்டும். மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து அது.

இன்னொன்று. பழைய மஸ்காராவைத் தூக்கி எறியுங்கள். திறந்து மூன்று மாதம் ஆனால் மாற்றிவிட வேண்டும். யாரோடும் பகிர வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு இமையில் கட்டி. மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. இப்போது மறுபடி வந்திருக்கிறது. அதையே வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தக் குப்பியை எடுத்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு சட்டென்று போனதற்குக் காரணம் அநேகமாக அதுதான். மருத்துவர் பார்க்காமல் இதைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறும், நாளடைவில் கண்புரையும் வரலாம். கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று இருந்தால் கண்ணின் முன்பக்கம் உள்ள தெளிவான படலமான கார்னியாவே கெட்டுவிடும். அழுத்தம் ஏறுவது வலிக்காது, குழந்தை சொல்லவும் மாட்டான். இந்த மருந்தைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுப்பதை நான் சாதாரணத் தவறாக நினைக்கவில்லை.

முடிக்காலில் வலியோடு சிவந்து, சீழ் முனை தெரிவது கண்கட்டி. இமைக்குள்ளே உருண்டையாக, வலி அதிகம் இல்லாமல் தங்கிவிடுவது சலேசியான். அடைத்துக்கொண்ட எண்ணெய்ச் சுரப்பிதான் அது. ஆன்டிபயாட்டிக் சொட்டு சலேசியானைக் கரைக்காது. இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒத்தடம்தான், ஒரு நாளைக்கு நான்கு முறை. பிதுக்கக் கூடாது. பெரும்பாலானவை சில வாரங்களில் அமுங்கிவிடும். அமுங்காத சலேசியானை இமையின் உட்பக்கம் சிறிதாகக் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் போதும், சிறு குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவைப்படும்.

இமை முழுக்க வீங்கி, காய்ச்சல் அடித்து, கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றாலோ, பார்வை மங்குகிறது என்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தால் எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இமை முடி உள்நோக்கி வளைந்து கண்ணைக் குத்துகிறது. மாதாமாதம் பிடுங்கிவிடுகிறோம். ஓரிடத்தில் லேசர் 'பேக்கேஜ்' என்கிறார்கள், இன்னோரிடத்தில் அறுவை சிகிச்சை என்கிறார்கள். எது சரி?

பதில்: முடி மட்டும் திசை மாறியிருக்கிறதா, இமையே உள்பக்கம் சுருண்டிருக்கிறதா? பணம் கட்டும் முன் இந்தக் கேள்விக்கு மருத்துவரிடம் நேரடியான பதில் வாங்குங்கள். இமை சுருண்டிருந்தால் அதை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைதான் வழி. முடியை எத்தனை முறை எரித்தாலும் மிச்சம் இருப்பது குத்திக்கொண்டுதான் இருக்கும். முடி மட்டும்தான் பிரச்சினை என்றால், ஒன்றிரண்டு முடிக்கு மின் ஊசி அல்லது லேசர், கொத்தாக இருந்தால் உறையவைக்கும் கிரையோ சிகிச்சை. கிரையோ செய்த இடத்தில் தோல் வெளுக்கலாம். எந்த முறையிலும் சில முடிகள் திரும்ப முளைக்கும். அதனால் பேக்கேஜில் எத்தனை முறை அடங்கும், மறுபடி முளைத்தால் தனியாகக் கட்ட வேண்டுமா என்று எழுதி வாங்குங்கள்.

பிடுங்குவது தற்காலிகம்தான். ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடி திரும்பி வரும். புதிதாகத் தலைநீட்டும் குட்டை முடி இன்னும் கூர்மையாகக் குத்தும். பாதி ஒடிந்து நின்றால் அதைவிட மோசம். அப்பாவுக்குக் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசுகிறது என்றால் கார்னியாவில் கீறல் விழுந்திருக்கலாம். அப்போது எந்த பேக்கேஜ் என்று யோசிக்க நேரமில்லை.

கேள்வி: செயற்கை இமை முடி ஒட்டிக்கொள்வது கண்ணுக்குக் கெடுதலா?

பதில்: ஒட்டும் பசைதான் முக்கியம். சயனோஅக்ரிலேட் வகைப் பசை, சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியாகும். ஒவ்வாமை முதல் முறையே வர வேண்டும் என்பதில்லை, பல முறை ஒட்டிய பிறகும் வரும். பாரம் தாங்காமல் சொந்த முடி வேரோடு வருவதும் உண்டு. ஒட்டியிருக்கும் காலத்தில் முடி கொட்டிவிடும் என்று பயந்து இமையைக் கழுவாமலே விடுகிறார்கள், அதில் அழற்சி வருகிறது. ஒட்டத்தான் வேண்டும் என்றால் பசையின் சேர்பொருளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத இடத்தில் உட்காராதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மேல் இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறது. சொட்டு மருந்திலேயே தூக்கிவிடலாம் என்கிறார்களே?

பதில்: உண்டு. ஆக்ஸிமெட்டாசோலின் 0.1 சதவீதச் சொட்டுக்கு 2020 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இமையைத் தூக்கும் சிறு தசை ஒன்றை இறுக்கி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தும், சில மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். தினமும் போட வேண்டும். மூக்கடைப்புக்கு விற்கும் அதே பெயருள்ள மருந்தைக் கண்ணில் விடக் கூடாது.

அதற்கும் முன்னால், இமை எப்போது தொங்க ஆரம்பித்தது என்று யோசித்துப் பாருங்கள். திடீரென்று தொங்கி, கூடவே தலைவலியோ, இரட்டைப் பார்வையோ, ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவதோ இருந்தால் மூளை ரத்தக் குழாய்க் கோளாறாக இருக்கலாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்கினால் தசைச் சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். வருடக் கணக்கில் மெல்ல இறங்கியது என்றால் வயதால் தசைநாண் தளர்ந்திருக்கும். அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். அழகுக்காக என்றால் பொதுவாகக் காப்பீடு கிடைக்காது, பார்வையை மறைக்கிறது என்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பார்வைப் புலச் சோதனை அறிக்கையும், நேராகப் பார்க்கும் புகைப்படமும் அறுவைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு தேதி குறியுங்கள்.