சோற்றைப் போடும் முன் எண்ணெய் பிரியட்டும்

கேள்வி: கோச்சுஜாங் வாங்கி வந்து, பன்றிக்கறியை அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கொரிய ஃப்ரைட் ரைஸ் செய்தேன். சோறு களியாகிவிட்டது, சட்டியோ அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை. சோற்றில் தப்பா, மசாலாவில் தப்பா?

பதில்: இரண்டிலும் இல்லை. ஊறவைத்ததுதான் தப்பு.

கோச்சுஜாங்கை நாம் மிளகாய் விழுது என்று நினைத்துவிடுகிறோம். மிளகாய்த்தூளோடு ஒட்டரிசி, புளிக்கவைத்த சோயாத் தூள், உப்பு எல்லாம் சேர்த்து மாதக்கணக்கில் நொதிக்கவிட்ட பண்டம் அது. அரிசியின் மாவுச்சத்து அதற்குள் இனிப்பாக மாறியிருக்கும். கடை டப்பாக்களில் பெரும்பாலும் பாகும் கலந்திருக்கும். அதனால் கறி சிவக்கும் முன்பே விழுது கருகுகிறது. கறி விட்ட தண்ணீரோ போக வழியில்லாமல் சோற்றில் இறங்குகிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஜேயுக் பொக்கும் என்ற காரமான பன்றிக்கறி வதக்கலுக்குக் கொரியர்கள் கறியை ஊறவைப்பதுண்டு. அங்கே கொஞ்சம் சாறு வேண்டும். சோற்றோடு புரட்டும்போது அந்தச் சாறே பகை.

இருவருக்கு 250 கிராம் கறி போதும். கொழுப்பு ஓடிய கழுத்துக்கறியோ முன்தொடையோ கேட்டு வாங்கி, மெல்லிசாக நறுக்குங்கள். கொழுப்பில்லாத கறி வேண்டாம். இந்தச் சாப்பாட்டின் ருசியே அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது.

ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு கைப்பிடி வெங்காயத்தாளை வாசனை வர வதக்கிவிட்டு, தீயைக் கூட்டிக் கறியைப் பரப்புங்கள். உடனே கிளறாதீர்கள். தண்ணீர் வற்றி, ஓரம் சிவந்து, கொழுப்பு உருகட்டும். அதன் பிறகு பாதி வெங்காயம், 4 பல் பூண்டு. இனித் தீயைக் குறைத்து ஒன்றரை மேசைக்கரண்டி கோச்சுஜாங், ஒரு மேசைக்கரண்டி கொரிய மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. கறிக்குழம்புக்குச் செய்வதுபோலவே, விழுதின் நிறம் ஆழ்ந்து ஓரத்தில் சிவப்பெண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இந்த இரண்டு நிமிடத்தை அவசரப்படுத்தினால் பச்சை வாடை கடைசிவரை போகாது. கொரியத் தூள் கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாம், ஆனால் பாதியளவுதான். அது நைஸான தூள், சட்டென்று கருகும்.

கொரியாவில் குட்டையான, ஒட்டும் அரிசிதான். பொன்னியிலும் செய்யலாம், தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வடியுங்கள். எந்த அரிசியானாலும் இரண்டு கிண்ணம் ஆறிய சோறாக இருக்கட்டும். முந்தின நாள் சோறு என்றால், வடித்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்ததாக இருக்கவேண்டும். இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றில் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. கையாலேயே உதிர்த்துப் போட்டு, பெருந்தீயில் புரட்டுங்கள். நல்லெண்ணெய் அடுப்பை அணைத்த பிறகுதான். அதுவும் வறுத்த எள்ளில் எடுத்த கொரிய எண்ணெய் என்றால் ஒரு தேக்கரண்டி போதும். மேலே ஒரு பொரித்த முட்டை, நொறுக்கிய கடற்பாசித் தாள்.

கொரியாவின் சுன்சொன் நகரத்தில், தக்கால்பி என்ற காரமான கோழிக்கறி வதக்கல் விற்கும் கடைகளில், கறியைத் தின்று முடித்ததும், மிச்ச மசாலாவில் சோற்றைக் கொட்டி, இரும்புத் தட்டில் அழுத்திப் பரப்பிவிடுவார்கள். அடியில் மொறுமொறுவென்று பிடிப்பதைச் சுரண்டித் தின்ன அங்கே போட்டியே நடக்கும். நீங்களும் அணைக்கும் முன் சோற்றைச் சட்டியோடு அழுத்தி, கிளறாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். பொன்னிறத்தில் பிடித்தால் அது தீய்ந்ததல்ல, அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.