கிட்டாரைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் மேடையில் வாசிப்பவன் இல்லை, ரிப்பேர் கடையும் வைத்திருக்கவில்லை. ஆபீஸ் முடிந்து வந்தால் கொஞ்ச நேரம் வாசிப்பேன், அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எது அதிகம் என்று வீட்டில் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஒரே வரியிலும் பதில் இருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சார், என் அக்கூஸ்டிக் கிட்டாரில் மழைக்காலம் வந்தாலே கம்பி உயர்ந்துவிடுகிறது, விரல் வலிக்கிறது. கிட்டார் போய்விட்டதா? (வேளச்சேரி)

போகவில்லை. அது மரம், ஈரம் குடிக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான கிட்டார்களை ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் வரை வைத்திருக்கும் அறைகளில் செய்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் சென்னை 80-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது மேல்பலகை உப்பி, சாப்பிட்ட வயிறு மாதிரி மேலே வரும். அதில் ஒட்டியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் கூடவே ஏறும், கம்பி உயரும். கோடையில் தானாகவே இறங்கவும் இறங்கும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி கிட்டார் பெட்டிக்குள் போடுங்கள், சிலிகா ஜெல் பொட்டலங்களும் போடுங்கள். ராத்திரி முழுக்க ஏசி அறை, பகல் முழுக்க ஹால் என்று மாற்றி மாற்றி வைப்பது, ஒரே புழுக்கத்தில் கிடப்பதைவிட மோசம். மே மாதம் காருக்குள் விட்டுவிட்டுப் போவது எல்லாவற்றையும்விட மோசம்: பசை இளகி பிரிட்ஜே கழன்றுவிடும்.

முதலில் அளந்து பாருங்கள். (கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்.) 12-ஆவது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை, தடித்த கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ. வாக்கில் இருந்தால் சுகமாக வாசிக்கலாம். எல்லாக் காலத்திலும் அதைவிட உயரமாகவே இருந்தால், பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் துண்டான சாடிலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருக்கிறது, அதனால் சாடிலில் 1 மி.மீ. தேய்த்தால் அங்கே அரை மி.மீ.தான் குறையும். சமதளமான கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி அதில் தேய்த்தால் அடிப்பக்கம் கோணாது. இன்னொரு சாடில் வாங்கி அதைத் தேயுங்கள், ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள்.

ஆக்‌ஷனைக் (கம்பியின் உயரத்தைக்) குறைக்க ட்ரஸ் ராடை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் அண்ணா? (மதுரை)

திருப்பவே வேண்டாம். ட்ரஸ் ராட் ஆக்‌ஷனைக் குறைப்பதற்கு இல்லை. கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ இதற்குக் காப்புரிமை வாங்கியது 1923-இல். கம்பிகளின் இழுப்பில் நெக் வளைவதைத் தாங்கிப் பிடிக்க அதற்குள்ளே ஓர் இரும்புக் கம்பி, அதுதான் அதன் வேலை. முதல் ஃப்ரெட்டையும் நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவில் பாருங்கள். கம்பிக்கும் 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் இடையே கால் மி.மீ. இருந்தால், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால், ராடைத் தொடாதீர்கள். அதைவிட நிறைய இருந்தால் ராடின் முனையை நேராகப் பார்த்தபடி கடிகார முள் திசையில் கால் சுற்று. மறுபடி ட்யூன் செய்து, அளந்து, அப்புறம் யோசியுங்கள். சாவி அங்குல அளவா, மி.மீ. அளவா என்று பார்த்து வாங்குங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவி ராடின் முனையை மழுக்கிவிடும். பிறகு அதைத் திருப்ப ஆளைத் தேடி அலைய வேண்டும்.

ட்யூனரில் எல்லாக் கம்பியும் பச்சை காட்டுகிறது. ஆனால் கார்டு பிடித்தால் ஏதோ உறுத்துகிறது. வீட்டில் அம்மா பாட்டு டீச்சர், அவருக்கும் உறுத்துகிறதாம். (கும்பகோணம்)

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மாவின் காது சரி, ட்யூனரும் சரி. ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டுகின்றன. அந்தக் கணக்கில் மேஜர் தேர்டு, அதாவது நம் அந்தர காந்தாரம், இயற்கையான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் ஏறி நிற்கும் (அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே 100 சென்ட்). தம்புராவை மீட்டிவிட்டுக் கவனித்தால் அந்தக் காந்தாரம் தானாகக் கேட்கும், அதைக் கேட்டுப் பழகிய காதுக்குக் கிட்டாரின் காந்தாரம் உறுத்தாமல் எப்படி இருக்கும்? சிலர் B கம்பியை ஒரு பொடி இறக்கி G கார்டை இனிமையாக்குவார்கள், ஆனால் E கார்டில் அதே B ஐந்தாம் சுரம், உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எல்லாப் பழியையும் கணக்கின் மேல் போட்டுவிடாதீர்கள். 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். அது எலக்ட்ரிக்கில் ஒரு ஸ்க்ரூ வேலை. முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறுகிறது என்றால், நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் புதுக் கம்பி போடுங்கள், துருப்பிடித்த கம்பியில் எந்த அளவும் நிற்காது.

ஃப்ரெட்டில் கரகரவென்று சத்தம் வருகிறது. ட்ரஸ் ராடை லூஸ் செய்துவிடட்டுமா? (சேலம்)

எங்கே வருகிறது என்று சொல்லவில்லையே. அழுத்தாத கம்பியில் மட்டும் வந்தால் நட். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் வந்தால் நெக் அளவுக்கு மீறி நேராக இருக்கலாம், அப்போது மட்டும் ராட், அதுவும் கால் சுற்று. 12-க்கு மேல் என்றால் ஆக்‌ஷன். ஒரே ஓர் இடம் என்றால் அடுத்த ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. அளந்துவிட்டுத் திருப்புங்கள்.

கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போட்டால் சத்தம் கூடுமா?

கூடும், கொஞ்ச நாளைக்கு. இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அப்புறம் பிரிட்ஜ் உங்கள் கையில் இருக்கும். வேண்டாம்.

முதல் எலக்ட்ரிக் வாங்கப்போகிறேன். மஹோகனியா, ஆல்டரா? (கோவை)

எது தோளுக்கு வலிக்கவில்லையோ அது. பிக்கப் என்பது காந்தமும் சுருளும். ஸ்டீல் கம்பி அசைவதைத்தான் அது பிடிக்கிறது. மரத்தைவிட பிக்கப்பும் ஸ்பீக்கரும் பல மடங்கு முக்கியம்.

சார், இதை ஒத்துக்கொள்ள முடியாது. மஹோகனியின் கதகதப்பான ஒலி காது உள்ள எவருக்கும் கேட்கும். (அதே கோவை, வேறொருவர்)

கேட்கும், எதோடு ஒப்பிட்டு? உங்கள் மஹோகனி கிட்டாரில் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப், 500 கே (கிலோ ஓம்) பாட், அதாவது வால்யூம் திருகி. அந்த ஆல்டர் கிட்டாரில் ஒற்றைச் சுருள், 250 கே பாட். கம்பியின் நீளமும் வேறு, ஒன்று 628 மி.மீ. சுமார், மற்றது 648. இத்தனையும் மாறியிருக்கும்போது மரம்தான் பேசுகிறது என்பது எப்படி? இன்று ராத்திரி உங்கள் பிக்கப்பை 2 மி.மீ. இறக்கிப் பாருங்கள், காசு செலவில்லை, ஒலி எவ்வளவு மாறுகிறது என்று கேளுங்கள்.

அப்படியென்றால் குயின் குழுவின் பிரையன் மே எதற்கு மரம் தேடி அலைந்தார்?

அலையவில்லை, வீட்டுப் பக்கத்தில் கிடைத்ததை எடுத்தார், அதுதான் அழகு. 1963-இல் அவரும் அவர் அப்பாவும் சேர்ந்து செய்ய ஆரம்பித்த கிட்டார் அது. நெக் ஒரு பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது, சுருதியை ஆட்டும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வின் ஸ்பிரிங். ஒலி எங்கிருந்து வருகிறது? மூன்று பிக்கப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீரீஸில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் போட்டதிலிருந்து. அப்புறம் ட்ரெபிள் பூஸ்டர், வாக்ஸ் ஆம்ப், பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம்.

அந்தக் கணப்படுப்புச் சட்டம் மஹோகனி சார்!

ஆமாம், மஹோகனிதான். உடம்பின் நடுப்பகுதி ஓக். ஓக்கின் கதகதப்பு பற்றி யாரும் எனக்கு எழுதவில்லையே, ஏன்? அக்கூஸ்டிக்கில் மரம் முக்கியம், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை, அங்கே மேல்பலகைதான் ஸ்பீக்கர். முதுகுக்கும் விலாவுக்கும் மார்ட்டின் கம்பெனி 1969-இல் பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். பெருமைப்பட வேண்டுமானால் அதில் பெருமைப்படுங்கள். எலக்ட்ரிக் மரச் சண்டையை இதோடு நிறுத்துகிறேன்.

டோன் கன்ட்ரோலுக்கு விலை உயர்ந்த பழைய கெப்பாசிட்டர் போடலாமா?

மதிப்பைப் பாருங்கள், 0.022 மைக்ரோஃபாரடா 0.047-ஆ என்று. நிறத்தையும் வயசையும் பார்க்காதீர்கள்.

பழைய வால்வு ஆம்ப் கிடைத்திருக்கிறது. பிளக்கை எடுத்துவிட்டுத் திறக்கலாம்தானே? (திருச்சி)

கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்வரை நிற்கும். கிட்டாருக்குள் என்ன வேண்டுமானாலும் நோண்டுங்கள், அது கடிக்காது. இது ஆளைக் கொல்லும். பழைய வால்வு ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள்.

ட்ரஸ் ராட்...

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பத்தாயிரத்துக்குள் எந்த கிட்டார் நல்லது?

கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். நான் சொல்ல மாட்டேன்.

நானே பிக்கப் மாற்றிப் பார்க்க ஆசை. சால்டரிங் புதிது. எங்கே ஆரம்பிப்பது? (நாகர்கோவில்)

இப்படி ஒரு கேள்விக்கு ராத்திரி முழுக்கப் பதில் சொல்லலாம். பழைய ரேடியோ போர்டு ஒன்றை வாங்கி அதில் ஒயரைப் பிரித்துப் பிரித்து ஒட்டிப் பழகுங்கள். கிட்டாரைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். வால்யூம் பாட்டின் முதுகில் எர்த் ஒயர் ஒட்டத்தான் கஷ்டம்: 25 வாட் அயர்ன் அந்த உலோகத்தைச் சூடாக்கத் திணறும், 40 வாட் வைத்துக்கொள்ளுங்கள், முதுகை லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். வார்னிஷ் மேல் பழைய துணி ஒன்றை விரித்துவிடுங்கள், ஈயம் தெறிக்கும். மூடுவதற்கு முன் ஆம்பில் செருகி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெதுவாகத் தட்டுங்கள். டொக் டொக்கென்று ஸ்பீக்கரில் கேட்டால் கம்பி மாட்டலாம்.