வயல் காடையைக் கூண்டில் சேர்க்கலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் நான்கு ஆண்டாக 300 ஜப்பானியக் காடை வளர்க்கிறேன். குஞ்சு எல்லாம் சொந்தப் பொரிப்புதான். முன்பு 100 முட்டைக்கு 70 பொரித்தது. இப்போது 40 தேறவில்லை. உளுந்து வயலில் ஓர் ஆண் காடை பிடித்தேன். அதைச் சேர்த்தால் திடம் வருமா? மிஞ்சும் கலப்புக் குஞ்சுகளை வயலில் விடலாமா?

பதில்: தம்பி, முதலில் அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். காட்டுக் காடையைப் பிடிப்பது 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம். நெஞ்சில் கறுப்புத் திட்டு இருந்தால் அது நம்மூர் மழைக்காடை. இல்லாவிட்டால் பனிக்காலத்தில் வலசை வரும் காடையாக இருக்கலாம். வலசைக் காடை ஜப்பானியக் காடையோடு சேர்ந்தால் குஞ்சு வரும், அந்தக் குஞ்சும் பெருகும். வம்பே அதுதான். ஸ்பெயினில் வேட்டைக்காகத் திறந்துவிட்ட பண்ணைக் காடைகளின் ரத்தம் காட்டுக் காடையில் கலந்துவிட்டது. கலப்புக்கு வலசை போகும் உந்துதல் குறையும். ஒரு குஞ்சைக்கூட வயலில் விடாதீர்கள்.

சரி, பொரிப்பு ஏன் விழுந்தது? காடை ஆறேழு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும்; முட்டை 17, 18 நாளில் பொரிக்கும். நான்கு ஆண்டில் உங்கள் கொட்டகையில் பத்துத் தலைமுறைக்கு மேல் ஓடியிருக்கும், எல்லாம் ஒரே ரத்தம். கோழி தாங்குகிற உறவுக் கலப்பைக் காடை தாங்காது. அண்ணன் தங்கையாகவே மூன்று தலைமுறை சேர்ந்தால் வம்சமே அறுந்துபோகும்.

இதற்கு மருந்து கால் வளையமும் ஒரு நோட்டும்தான். டானிக் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பெட்டைகளை நான்கு கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கொரு நிறத்தில் வளையம் போடுங்கள். மூன்று பெட்டைக்கு ஓர் ஆண். இப்போதுள்ள ஆண்களைக் கறிக்குக் கொடுத்துவிட்டு, நந்தனம் அல்லது நாமக்கல் ரகக் காடை ஆண்கள் எங்கே கிடைக்கும் என்று ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். அப்புறம் தலைமுறைதோறும் சிவப்பில் பிறந்த ஆண் நீலத்துக்கு, நீலத்தில் பிறந்தது பச்சைக்கு என்று நகர்த்துங்கள். 'காட்டுக்காடைக் கலப்பு' என்று கூடுதல் விலை சொல்லும் வியாபாரியிடம் போகவே வேண்டாம். அவர் தருவதும் பெரும்பாலும் இதே ஜப்பானியக் காடையாகத்தான் இருக்கும், அதுவும் ஒரே தட்டில் பொரித்த அண்ணன் தங்கையாக இருக்கலாம்.

புது ஆண் வந்ததும் கையில் பிடித்து, வாலடியில் சிவந்திருக்கும் புடைப்பை மெல்ல அழுத்துங்கள். வெள்ளை நுரை வந்தால் இணை சேரத் தயார். அடுத்த ஈட்டில் பொரிக்காத முட்டைகளை உடைத்து, கருவே கூடாதது எத்தனை, கரு செத்தது எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.